பழுதுபார்க்க ஒரு துறைமுகம்: பினாங்கின் இராணுவத் தளவாட வரலாறு

ஜார்ஜ்டவுன் பாடாங் கோத்தா லாமாவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் கோட்டை கார்ன்வாலிஸுக்குப் போனவர்கள், அங்குள்ள பீரங்கிகளின் அருகில் நின்று ஒரு படமாவது எடுத்திருப்பார்கள். அந்தக் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை. ஆனாலும் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்ததற்கு வணிகத்தோடு ஓர் இராணுவக் காரணமும் இருந்தது. 155 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் அதை ஓர் இரவில் விட்டுவிட்டு ஓடியதும் போரினால்தான். இந்த இரண்டு நிகழ்வுகளையும் புரிந்துகொள்ள, பீரங்கிகளைவிட மரக்கட்டை, கயிறு, அரிசி, படகு, உதிரிப்பாகம் ஆகியவற்றின் கணக்கே அதிகம் உதவுகிறது.

இந்தக் கணக்கைத்தான் இன்று இராணுவத் தளவாட நிர்வாகம் என்கிறார்கள். படைக்கு வேண்டிய உணவு, எரிபொருள், குண்டு, மருந்து ஆகியவற்றை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் சேர்ப்பது ஒன்று. கிடங்கில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது இன்னொன்று. கப்பலும் விமானமும் வண்டியும் ஓடும் நிலையில் இருக்கப் பராமரிப்பது மூன்றாவது. இது புதிய சிந்தனை அல்ல. கோட்டைக்குள் போதிய உணவு இருக்கவேண்டும் என்பதைத் திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம் கோட்டையின் இலக்கணமாகவே சொல்கிறது. பினாங்கின் வரலாற்றில் இந்த மூன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாகப் பிசகியிருக்கின்றன.

சோழமண்டலக் கரையில் தொடங்கிய தேவை

பினாங்கின் கதை தமிழ்நாட்டுக் கடற்கரையில் தொடங்குகிறது. 1782, 1783 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஐந்து முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று அந்தப் போர்களின் பெயர்களே நமக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள்தான். ஐந்திலும் எவருக்கும் முழு வெற்றி இல்லை. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இரு தரப்புக்கும் இருந்த கேள்வி ஒன்றே: உடைந்த பாய்மரத்தை எங்கே மாற்றுவது?

சென்னை முதல் நாகப்பட்டினம் வரை அன்று ஒதுங்குவதற்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவரும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அங்கே நிற்கவே முடியாது. ஆங்கிலேயருக்கு இருந்த நல்ல உலர்துறை மும்பையில்தான். ஆகவே ஹியூஸ் 1782 இறுதியில் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மும்பைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை வங்கக்கடல் காவலின்றிக் கிடந்தது.

சுஃப்ரானிடம் உதிரிச் சாமான்கள் இன்னும் குறைவு. அவர் சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களுக்குப் பொருத்தினார். இன்றைய விமானப்படைகளும் ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றைப் பறக்கவைக்கின்றன, பழக்கம் பழையதுதான். 1782 ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலை அவர் கைக்கு வந்தது. மழைக்காலத்தைக் கழிக்க அவர் போனது வங்கக்கடலின் கிழக்கே, சுமத்ராவின் ஆச்சேவுக்கு. ஹியூஸைவிட முன்னதாகவே அவரால் களத்துக்குத் திரும்ப முடிந்தது.

இந்த அனுபவம் ஆங்கிலேயருக்கு உறைத்தது. வங்கக்கடலின் கிழக்குக் கரையில் கப்பல் பழுதுபார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற தேடல் வலுத்தது. அந்தமான், ஆச்சே, உஜோங் சாலாங் (இன்றைய பூக்கெட்) என்று பல பெயர்கள் பேசப்பட்டன. கெடா சுல்தானிடம் பிரான்சிஸ் லைட் பேசி முடித்த பினாங்கு அந்தப் பட்டியலில் ஒன்றாக இருந்தது. 1786 ஆகஸ்ட் 11 அன்று கொடி ஏறியது. சுல்தான் எதிர்பார்த்தது சயாமுக்கு எதிரான இராணுவ உதவி. அது கடைசிவரை வரவில்லை.

காட்டை அழிக்க லைட் வெள்ளிக்காசுகளைப் பீரங்கியில் போட்டுச் சுட்டார் என்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். நல்ல கதைதான். ஆனால் புதிய தளத்தின் உண்மையான சிக்கல் காடு அல்ல, சோறு. தீவுக்கு வேண்டிய அரிசியும் கால்நடையும் கெடாவிலிருந்து வந்தன. சுல்தான் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் தீவைப் பட்டினி போட்டுவிடலாம். 1791இல் நடந்த மோதலில் சுல்தான் தோற்றார். ஆனாலும் கம்பெனியின் கவலை தீரவில்லை. 1800இல் எதிர்க்கரையான இன்றைய செபராங் பிறையையும் வாங்கினார்கள். துறைமுகத்தின் இரு கரைகளும் கைக்குள் வரவேண்டும், சொந்தமாக நெல் விளையவேண்டும் என்பவையே அதற்குச் சொன்ன காரணங்கள்.

1805இல் பினாங்கு கல்கத்தா, சென்னை, மும்பைக்கு இணையாக நான்காவது மாகாணமாக உயர்த்தப்பட்டது. பெரிய கடற்படைத் தளம் வரும் என்ற நம்பிக்கையே அதற்கு முக்கியக் காரணம். ஆளுநரோடு வந்த அதிகாரிகள் கூட்டத்தில் உதவிச் செயலாளராக ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் என்ற இளைஞரும் இருந்தார். 1809இல் ஒரு போர்க்கப்பல் இங்கே கட்டி மிதக்கவிடப்பட்டது. அதோடு உற்சாகம் வடிந்தது. கப்பலுக்கேற்ற மரம் தீவில் இல்லை. தேக்கு பர்மாவிலிருந்து வரவேண்டும். தச்சர்கள் வெளியிலிருந்து வரவேண்டும். இயற்கைத் துறைமுகமான திருகோணமலை அதற்குள் ஆங்கிலேயர் வசம் வந்துவிட்டது. தளத் திட்டம் கைவிடப்பட்டது. 1830இல் மாகாண அந்தஸ்தும் போனது. இடத்தைப் பிடித்த பிறகு மரம் எங்கே என்று தேடினார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

1941 டிசம்பர்: யாரும் மூழ்கடிக்காத படகுகள்

அடுத்த பெரிய பரீட்சை 1941இல் வந்தது. டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 11ஆம் தேதி ஜார்ஜ்டவுன்மீது குண்டு விழுந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றுகூடத் தீவில் இல்லை. விமானங்களைப் பார்க்க மக்கள் தெருவில் கூடி நின்றதால் உயிர்ச்சேதம் கடுமையாக இருந்தது.

அதே நாட்களில் வடக்கே, கெடாவின் ஜித்ராவில் 11ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு சிதறியது. பின்வாங்கிய படை அலோர் ஸ்டார் விமானத் தளத்தில் எரிபொருளையும் குண்டுகளையும் அழிக்க நேரமில்லாமல் விட்டுவிட்டுப் போனது. ஜப்பானிய அதிகாரி மசனோபு ட்ஸுஜி இதைப் பின்னாளில் பெருமையோடு எழுதினார். கைப்பற்றிய பொருள்களுக்கு ஜப்பானிய வீரர்கள் வைத்த பெயர் ‘சர்ச்சில் சப்ளை’. ஜப்பானியர் குறைவான கையிருப்போடுதான் மலாயாவுக்குள் நுழைந்தார்கள். அவர்களுடைய வேகத்துக்கு எதிரியின் கிடங்கும் தீனி போட்டது.

சைக்கிள் கதையும் இங்கேதான் வருகிறது. ஜப்பானியக் காலாட்படை சைக்கிளில் வந்தது பலருக்கும் தெரியும். அந்தச் சைக்கிள்கள் எப்படித் தொடர்ந்து ஓடின என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போருக்கு முன்பே மலிவான ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயா முழுவதும் விற்பனையாகியிருந்தன. எந்தச் சிற்றூரிலும் அதே அளவு டியூப், அதே செயின், அதே சக்கரம் கிடைத்தன. படையோடு பழுதுபார்ப்பவர்களும் வந்தார்கள். டயர் முற்றிலும் கிழிந்தால் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோலக் கேட்டதாம். உதிரிப்பாகம் களத்திலேயே கிடைக்கும்படி அமைந்த வாகனம் என்ற வகையில், மலாயாப் போரில் சைக்கிளுக்கு இணையாக ஒன்றும் இல்லை.

பினாங்கில் குண்டுவீச்சுக்குப் பிறகு துறைமுகத் தொழிலாளர்களும் ஃபெரி ஊழியர்களும் உயிருக்குப் பயந்து கிராமப்புறங்களுக்கும் மலைப்பக்கமும் போய்விட்டார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசம். அவர்களைக் குறைசொல்ல வழியில்லை. பதுங்கக் குழியும் பாதுகாப்பும் யாரும் ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை. ஃபெரி ஓட்ட ஆள் இல்லாமல், சில நாட்களுக்கு முன் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய போர்க்கப்பல்களில் உயிர்தப்பிய மாலுமிகளைக் கொண்டுவந்து ஓட்டவேண்டியதாயிற்று. மூட்டை தூக்கும் ஆள்தான் ஒரு துறைமுகத்தின் தளவாடத்தில் முதல் இனம் என்பது அந்த வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

டிசம்பர் 16 இரவு படையினரும் எஞ்சிய ஐரோப்பியர்களும் சத்தமில்லாமல் கப்பலேறினார்கள். உள்ளூர் மக்களுக்குச் சொல்லவில்லை. பின்னர் சிங்கப்பூர் வானொலியில் பேசிய பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கின் பெரும்பாலான மக்கள் வெளியேற்றப்பட்டுவிட்டதுபோலப் பேசினார். அங்கேயே இருந்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அவருடைய எண்ணிக்கையில் வரவில்லை. அந்தப் பேச்சு மலாயா முழுவதும் ஏற்படுத்திய கசப்பு போர் முடிந்த பிறகும் தீரவில்லை.

அவசரத்தில் கடற்கரைப் பீரங்கிகளை உடைத்தார்கள். வானொலி நிலையத்தை உடைக்கவில்லை. துறைமுகத்தில் இயந்திரம் பொருத்திய 24 படகுகளும் பல பெரிய தொங்கான்களும் சரக்குப் படகுகளும் அப்படியே மிதந்தன. ஒரு படகை மூழ்கடிக்கச் சில நிமிடம் போதும். அதற்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் படகுகளின் விலை இரண்டே வாரத்தில் தெரிந்தது. பேராக்கின் கம்பாரில் டிசம்பர் 30 முதல் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரை நான்கு நாள் நிறுத்திப் பிடித்தன. மலாயாப் போரிலேயே அவர்கள் நன்றாகப் போரிட்ட இடம் அது. சயாமிலிருந்து தரைவழியாகக் கொண்டுவந்த படகுகளோடு பினாங்கில் கிடைத்த படகுகளையும் சேர்த்துக்கொண்ட ஜப்பானியர், மேற்குக் கரையோரமாகத் தெற்கே போய் உத்தான் மெலிந்தாங் பகுதியில் இறங்கினர். பின்னால் வழி அடைபடும் என்ற அச்சத்தில் கம்பார் கைவிடப்பட்டது.

கொடியை இறக்கிய பத்திரிகை ஆசிரியர்

வெறிச்சோடிய ஜார்ஜ்டவுனில் பொறுப்பேற்க முன்வந்தவர்களில் முதன்மையானவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆங்கில நாளிதழின் ஆசிரியர், ஆக்ஸ்போர்டில் படித்தவர். எல்லா இனத்தவரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைக்கப்பட்டது. கொள்ளையைத் தடுப்பதும், நகரின் அன்றாடச் சேவைகளை ஓரளவாவது நடத்துவதும் அதன் வேலை.

கோட்டை கார்ன்வாலிஸில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடி விமானங்களுக்கு இலக்காகிவிடும் என்று அதை இறக்கியவர் அவரே. வெள்ளைக்கொடி ஏற்றப்பட்டது. பிரிட்டிஷார் உடைக்காமல் போன வானொலி நிலையத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். பினாங்கில் படை இல்லை, குண்டு போடவேண்டாம் என்று அறிவித்தார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் நகருக்குள் வந்தனர். எதிரிக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய அதே கருவி, இந்த ஒருமுறை ஊரைக் காப்பாற்ற உதவியது. சரவணமுத்துவுக்குக் கிடைத்த பரிசு, பின்னாளில் ஜப்பானியச் சிறை. போருக்குப் பிறகு அவர் இலங்கையின் தூதராகப் பணியாற்றினார்.

ஜப்பானியர் ஆட்சியில் வழங்கல் என்ற சொல்லுக்கு மக்கள் கண்ட பொருள் வேறு. மலாயா தன் அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிவந்த நாடு. கப்பல் போக்குவரத்து இராணுவத்துக்கே போதாதபோது மக்களுக்கு அரிசி எப்படி வரும்? மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த தலைமுறையின் கதைகள் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உண்டு.

தோட்டத் தமிழர்களைத் தின்ற சயாம் மரண ரயிலும் அடிப்படையில் ஒரு தளவாடத் திட்டமே. சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்குக் கடல்வழி ஆபத்தானதால், பர்மாவிலிருந்த படைக்குச் சாமான் அனுப்ப 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்துக்கொண்டும் போகப்பட்ட தமிழர்கள், ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பங்கு. படைக்குச் சோறு அனுப்பும் பாதையைப் போட்டவர்களுக்குச் சோறோ மருந்தோ முறையாகப் போய்ச்சேரவில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக அள்ளிக்கொண்டு போனது. போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று பெயர்வாரியாகச் சொல்ல முடிகிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடத்தான் முடிகிறது. கிடங்குக் கணக்கு எழுதிய இராணுவம் இவர்களுக்குப் பேரேடு வைக்கவில்லை. வாரிசுகளுக்கு இழப்பீடு கேட்கும்போதெல்லாம் இந்த ஏடு இல்லாத குறையே குறுக்கே நிற்கிறது.

ஜெர்மன் நீர்மூழ்கிகளும் கிடைக்காத சாமான்களும்

1943இல் ஜார்ஜ்டவுன் தெருக்களில் ஜெர்மன் மாலுமிகள் நடமாடினார்கள் என்றால் இளையவர்கள் நம்பமாட்டார்கள். இந்தியப் பெருங்கடலில் நேசநாட்டுக் கப்பல்களை வேட்டையாட ஹிட்லரின் கடற்படை அனுப்பிய ‘மொன்சூன்’ நீர்மூழ்கி அணியின் தளம் பினாங்கு. வில்ஹெல்ம் டொம்மஸின் யு-178 ஆகஸ்டில் வந்தது. அவர் இங்கேயே தங்கித் தளத்தின் பொறுப்பாளரானார். ஐரோப்பாவிலிருந்து புறப்பட்ட முதல் அணியில் பாதிகூடப் பினாங்கு வந்துசேரவில்லை.

வந்தவற்றுக்கும் நிம்மதி இல்லை. பெரிய பழுதுகளுக்கான உலர்துறை வசதி சிங்கப்பூரில்தான். ஜெர்மன் டார்பிடோக்கள் கைவிட்டு எண்ணும் அளவில் இருந்தன; வெப்பமண்டலத்தில் நீண்டநாள் கிடந்தவை சரியாக வேலை செய்யவில்லை. உதிரிப்பாகங்கள் உலகின் மறுகோடியிலிருந்து வரவேண்டும். களைத்துவந்த மாலுமிகளே ஸ்பேனரைக் கையில் எடுத்தார்கள். நடுக்கடலில் எண்ணெய் கொடுக்கக் காத்திருந்த ‘சார்லட் ஷ்லீமான்’, ‘பிராக்கே’ என்ற இரண்டு கப்பல்களையும் 1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிரிட்டிஷார் அழித்தனர். அதற்குப் பிறகு பல படகுகள் வேட்டையைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று, பாதரசம் ஏற்றிவந்த யு-859 பினாங்கை நெருங்கிவிட்ட நிலையில், பிரிட்டிஷ் நீர்மூழ்கி ‘டிரென்சன்ட்’ அதைத் தாக்கி மூழ்கடித்தது. பல மாதப் பயணம் கரை தெரியும் தூரத்தில் முடிந்தது. அக்டோபர் இறுதியில் இந்தியாவிலிருந்து சுமார் 3,000 மைல் போய்த்திரும்பும் பயணமாக வந்த லிபரேட்டர் விமானங்கள் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளைப் போட்டன. அவ்வளவு தூரம் அவ்வளவு சுமையோடு பறக்கமுடியும் என்று அதற்குமுன் பலர் நினைக்கவில்லை. எரிபொருள் செலவைத் துல்லியமாகக் கணக்கிட்டுப் பயிற்சி எடுத்த பிறகே அது சாத்தியமானது. ஜெர்மானியர் பினாங்கைவிட்டு ஜாவாவுக்கு நகர்ந்தனர்.

பட்டர்வொர்த்தும் இன்றைய கணக்கும்

இன்று பினாங்கின் இராணுவ முகவரி எதிர்க்கரையில் இருக்கிறது. பட்டர்வொர்த் விமானத் தளம் நீண்டகாலம் ஆஸ்திரேலியர் பொறுப்பில் இருந்து, பின்னர் அரச மலேசிய ஆகாயப்படையிடம் வந்தது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து 1971இல் செய்துகொண்ட ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் கூட்டு வான்காப்புத் தலைமையகமும் அங்கேயே.

கடந்த இருபது ஆண்டுகளில் மலேசிய இராணுவம் பற்றி மக்கள் மன்றத்திலும் காப்பிக்கடையிலும் அதிகம் பேசப்பட்டவை ஆயுதத் திறன் பற்றிய செய்திகள் அல்ல, சாமான் செய்திகள். 2009 இறுதியில், எஃப்-5 போர் விமானங்களின் இரண்டு ஜெட் என்ஜின்கள் சுங்கை பீசி தளத்திலிருந்து காணாமல் போனது தெரியவந்தது. அவை தென் அமெரிக்காவரை போயிருந்தன. ஒரு ஜெட் என்ஜினைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகமுடியாது. கையெழுத்திடும் பல கைகள் வழியாகத்தான் அது வெளியே போகமுடியும்.

2018இல் தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு, 18 சுகோய் விமானங்களில் நான்கு மட்டுமே பறக்கும் நிலையில் இருப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். சுகோயின் உடல் ரஷ்யாவுடையது. மின்னணுக் கருவிகளில் பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று பல நாட்டுப் பாகங்கள் உண்டு. வாங்கும்போது எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுத்ததாகத் தோன்றும். பழுதாகும்போது ஒவ்வொரு தலைநகரிலும் ஒரு கதவைத் தட்டவேண்டும். பராமரிப்பை உள்நாட்டு நிறுவனங்களிடமே செய்துகொள்ளும் முயற்சி அதற்குப் பிறகு வேகமெடுத்தது.

கடற்படையின் கரையோரப் போர்க்கப்பல் விவகாரத்தில், ஆறு கப்பல்களுக்காக 6 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தும் ஒன்றுகூட ஒப்படைக்கப்படவில்லை என்று 2022இல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அறிவித்தது. வாங்கிக் கிடங்கில் வைத்த சாமான்களில் ஒரு பகுதி, கப்பலில் ஏறுமுன்பே பழையதாகிப்போனதும் அந்த அறிக்கையில் இருந்தது.

பட்டர்வொர்த்தின் வானத்தில் இன்று கேட்கும் இரைச்சலில் ஹோர்னெட் விமானங்களுக்கும் பங்கு உண்டு. மலேசியா வாங்கியது எட்டு, 1997இல். அந்த ரகத்தின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. உதிரிப்பாகங்களுக்கும் எண்ணிக்கைக்கும் வழிதேடி, குவைத்தின் பழைய ஹோர்னெட்டுகளைப் பெறமுடியுமா என்று மலேசியா விசாரித்ததும் அதனால்தான். இருக்கும் விமானங்களின் சேவைக்காலத்தை நீட்டும் வேலை பட்டர்வொர்த் ஆகாயப்படையினரின் கையில் இருக்கிறது. புதிய விமானம் வரும்வரை, ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் அவர்கள் எழுதும் பராமரிப்பு ஏட்டைப் பார்த்துத்தான் மறுநாள் எத்தனை விமானம் புறப்படும் என்று முடிவாகும்.